சமூகநீதி விடுதியும் சுந்தரலிங்கம் பேருந்தும்

ஒரகடம், வல்லம், இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் வேலைக்கு மனுப் போடும் எங்கள் பிள்ளைகளிடம் ஒரு பழக்கத்தைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறோம். பயோடேட்டாவில் பத்தாம் வகுப்பு படித்த பள்ளியின் பெயரைச் சுருக்கி எழுதுவார்கள். 'அரசு உயர்நிலைப் பள்ளி' என்று எழுதி ஊர்ப் பெயரைப் போட்டு முடித்துவிடுவார்கள். மதிப்பெண் சான்றிதழில் முழுப்பெயர் இருக்கிறது: அரசு ஆதிதிராவிடர் நல உயர்நிலைப் பள்ளி. ஆள் எடுத்துக் கொடுக்கும் கான்ட்ராக்ட் அலுவலகத்தின் மேசையில் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஆள், பெயரை ஒருமுறை சத்தமாகப் படிப்பார். அவ்வளவுதான். சாதிச் சான்றிதழை யாரும் கேட்பதில்லை, கேட்கத் தேவையும் இல்லை.

ஐடிஐ முடித்த தம்பி ஒருவன் எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் படிப்பு வட்டத்தில் கேட்டான்: "அக்கா, சாதிப் பேரச் சொல்லித் திட்டினா வன்கொடுமைச் சட்டத்துல கேஸ் போடலாம். என் ஸ்கூல் பேரச் சத்தமாப் படிச்சா என்ன கேஸ் போடறது?" எங்களில் சட்டம் படித்தவர்களும் சமூகவியல் படித்தவர்களும் இருந்தோம். யாரிடமும் பதில் இல்லை.

அதனால் 2025 ஜூலை 7 அன்று, அரசு நடத்தும் ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் விடுதிகள் அனைத்தும் இனி 'சமூகநீதி விடுதிகள்' என்று முதலமைச்சர் அறிவித்தபோது நாங்கள் மகிழ்ந்தோம். அதற்கு முன் ஏப்ரலில், 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் சொன்னார். அக்டோபரில் தெரு, குளம், குடியிருப்புகளின் சாதிப் பெயர்களை மாற்றுவதற்கான அரசாணை வந்தது. (அந்த அரசாணை வந்த மறுநாளே கோவையில் ஜி.டி.நாயுடு பெயரில் மேம்பாலம் திறக்கப்பட்டது. பேச்சுக்குச் சொல்லவில்லை, தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.) அதற்கும் முன்பு, நாங்குநேரியில் ஒரு மாணவனும் அவன் தங்கையும் வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், பள்ளிப் பெயர்களிலிருந்து 'ஆதிதிராவிடர் நல', 'கள்ளர் சீரமைப்பு' போன்ற அடையாளங்களை எடுத்துவிட்டு வெறும் அரசுப் பள்ளி என்று அழைக்கச் சொன்னது.

இவற்றையெல்லாம் "வெறும் பெயர்தானே" என்று சொல்கிறவர்களோடு எங்களுக்கு உடன்பாடு இல்லை. அப்படிச் சொல்கிறவரின் பள்ளிப் பெயர் எந்த மேசையிலும் சத்தமாகப் படிக்கப்பட்டிருக்காது. எங்கள் பகுதியில் பெயருக்கு என்ன விலை என்பதை 2024இல் ஊரே பார்த்தது. சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் சங்கத்தைப் பதிவு செய்யவிடாமல் இழுத்தடித்த காரணங்களில் ஒன்று, சங்கத்தின் பெயரில் 'சாம்சங்' என்ற சொல் இருக்கக்கூடாது என்று நிறுவனம் எழுப்பிய ஆட்சேபணை. 2025 ஜனவரி 27 அன்றுதான் பதிவு கிடைத்தது. பெயர் சின்ன விஷயமாக இருந்தால் இவ்வளவு பெரிய நிறுவனம் அதற்காக மல்லுக்கட்டியிருக்காது.

எங்கள் கேள்வி வேறு இடத்தில் இருக்கிறது. பெயரை எந்தத் தாளில் மாற்றுகிறார்கள்? அறிவிப்பிலா, அரசாணையிலா, சட்டத்திலா? மாற்றியதோடு சேர்த்து வேறு எதை எழுதுகிறார்கள், எதை அழிக்கிறார்கள்?

இன்று நம் பிள்ளைகள் மறைக்க விரும்பும் 'ஆதிதிராவிடர்' என்ற சொல்லே சட்டமன்றத்தில் போராடி வாங்கியது என்பதை முதலில் நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. அதற்கு முன் அரசுத் தாள்களில் இருந்த பெயர்கள் 'பறையர்', 'பஞ்சமர்'. ஆல்காட் சென்னையில் நடத்திய பள்ளிகளும்கூட பஞ்சமர் பள்ளிகள்தான். 1922 ஜனவரியில் சென்னை சட்டமன்றத்தில் எம்.சி.ராஜா கொண்டுவந்த தீர்மானத்தின் பேரில், அதே ஆண்டு மார்ச் 25 அன்று 817ஆம் எண் அரசாணை வந்தது. தமிழ்ப் பகுதியில் ஆதிதிராவிடர், தெலுங்குப் பகுதியில் ஆதிஆந்திரர் என்று அரசு எழுதத் தொடங்கியது. மண்ணின் முதல் குடிகள் என்று உரிமை கொண்டாடிய பெயர் அது. நூறு ஆண்டுகளில் அது ஏன் மேசையில் கூசும் சொல்லாகிப் போனது? சொல் கெட்டுப்போகவில்லை. சொல்லைச் சுமந்தவர்களை நடத்திய விதம் சொல்லின் மேல் படிந்துவிட்டது. இதை மறந்தால் 'சமூகநீதி விடுதி'க்கும் நாளை இதே கதிதான்.

எல்லோரும் பெயரை மாற்றித்தான் மானம் தேட வேண்டும் என்று நினைக்கவும் இல்லை. எங்கள் பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்துக்காரர் ரெட்டைமலை சீனிவாசன், 1893இல் தான் தொடங்கிய பத்திரிகைக்கு 'பறையன்' என்றே பெயர் வைத்தார். அவரும் எம்.சி.ராஜாவும் பல விஷயங்களில் வேறு வேறு வழியில் போனவர்கள். ஆனால் சட்டமன்றத்தில் இருவர் செய்ததையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். 1922இல் பெயர். 1924 ஆகஸ்டில் சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம்: பொதுத் தெரு, சாலை, கிணறு, குளம், பொது அலுவலகம் எதையும் எந்த வகுப்பாரும் பயன்படுத்தத் தடையில்லை. அந்தத் தீர்மானமும் அரசாணையாக வெளிவந்தது. பெயர் கிடைத்து இரண்டே ஆண்டில் தெருவைக் கேட்டார்கள். தெருவில் எல்லா இடத்திலும் நடக்க முடிந்ததா என்றால் இல்லை. ஆனால் மரியாதையான பெயரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடவில்லை.

பெயர் மட்டும் கொடுத்துக் கதவை அரைகுறையாகத் திறப்பதற்கும் எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே பழைய உதாரணம் உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜர், மேல்கோட்டையில் தனக்கு உதவிய தீண்டப்படாத மக்களுக்குத் 'திருக்குலத்தார்' என்று பெயர் சூட்டிக் கோயிலுக்குள் அழைத்தார் என்று வைணவ மரபு பெருமையோடு சொல்கிறது. பெயர் ஆண்டு முழுவதும் இருந்தது. கோயில் கதவு அவர்களுக்கு ஆண்டில் சில நாட்கள் மட்டும் திறந்தது.

இப்போது 1997க்கு வருவோம். இந்தக் கட்டுரையைப் படிக்கும் பலர் அப்போது பிறந்திருக்கக்கூட மாட்டீர்கள்.

அன்றைக்குத் தமிழ்நாட்டின் அரசுப் பேருந்துகளில் எல்லாம் மன்னர்களும் தலைவர்களும் ஓடிக்கொண்டிருந்தார்கள். பாண்டியன், சேரன், சோழன், கட்டபொம்மன், மருது பாண்டியர், தீரன் சின்னமலை. யாருக்கும் வயிறு வலிக்கவில்லை. அந்த வரிசையில் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை அரசு சூட்டியது. கட்டபொம்மனின் படையில் நின்று வெள்ளையரை எதிர்த்து மடிந்தவர், தேவேந்திரகுல வேளாளர். தென்மாவட்டங்களில் ஆதிக்கச் சாதியினர் அந்தப் பேருந்தில் ஏற மாட்டோம் என்றார்கள். பேருந்துகள் தாக்கப்பட்டன. கலவரம் மூண்டது, உயிர்கள் போயின. அரசு என்ன செய்தது? சுந்தரலிங்கம் பெயரை மட்டும் எடுத்தால் அசிங்கமாகிவிடும் என்று, எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை மொத்தமாக எடுத்தது. பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம் சிவகங்கை ஆனது. காமராசர் மாவட்டம் விருதுநகர் ஆனது. எங்கள் செங்கை எம்.ஜி.ஆர் மாவட்டம் 1997 ஜூலை 1 அன்று காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாகப் பிரிந்து தலைவர் பெயர் இல்லாமல் பிறந்தது. வடசென்னையில் ஓடிய டாக்டர் அம்பேத்கர் போக்குவரத்துக் கழகம், மாநகர் போக்குவரத்துக் கழகத்தின் இரண்டாம் கோட்டம் ஆனது.

பார்க்கச் சமத்துவம் மாதிரி இருக்கும். எல்லோர் பெயரும்தானே போயிற்று? ஆனால் மற்றவர்கள் பெயர் எத்தனையோ ஆண்டுகள் ஓடிய பிறகு போனது. நம் பெயர் ஓடத் தொடங்கியதும் போனது. நம் பெயர் வந்ததால்தான் அவர்கள் பெயரும் போனது. ஒரு தலித் வீரரின் பெயரோடு சமமாக இருப்பதைவிட யாருக்குமே பெயர் இல்லாமல் இருப்பது மேல் என்று சமூகம் சொன்னது, அரசு அதை ஆணையாக எழுதிக் கொடுத்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அதே காலம், அதே ஆட்சி. 1996ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் மூலம் தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் உருவானது. 1997இல் செயல்படத் தொடங்கியது. அந்தப் பெயர் இன்றுவரை நிற்கிறது. போக்குவரத்துக் கழகம் என்பது கம்பெனி. அதன் பெயரை மாற்ற அரசு மனது வைத்தால் போதும், சட்டமன்றத்தில் யாரும் கை தூக்க வேண்டாம். பல்கலைக்கழகத்தின் பெயர் சட்டத்துக்குள் இருக்கிறது. அதை எடுக்க ஓர் அமைச்சர் மசோதா கொண்டுவர வேண்டும், எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும், ஒவ்வொரு கட்சியும் ஆதரவா எதிர்ப்பா என்று பதிவாக வேண்டும், ஆளுநர் ஒப்புதல் வேண்டும். அம்பேத்கர் பெயரை எடுக்க அவையில் எழுந்து நின்று காரணம் சொல்லும் துணிச்சல் எந்தக் கட்சிக்கும் வராது. தாளில் எடுத்துவிட்டுப் போகும் துணிச்சல் எல்லோருக்கும் உண்டு.

சட்டம் ஒன்றே காப்பாற்றிவிட்டது என்று சொல்லவில்லை. சென்னையில் நிற்கும் கட்டடத்தின் பெயரைப் பொறுத்துக்கொள்வது சுலபம். ஊர் வழியே வந்து நிற்கும் பேருந்தில் ஏறி உட்கார்வதுதான் கஷ்டம். அதுவும் காரணம். சட்டத்தால் வைத்த பெயரும் சட்டத்தாலேயே போகும். விழுப்புரத்தில் ஜெயலலிதா பெயரில் 2021இல் உருவான பல்கலைக்கழகத்தை அதே ஆண்டு அடுத்த ஆட்சி சட்டம் போட்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைத்தது. மீன்வளப் பல்கலைக்கழகத்துக்கு ஜெயலலிதா பெயர் சூட்டும் 2020ஆம் ஆண்டு மசோதாவோ ஆளுநரிடம் மாட்டிக்கொண்டு, 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம் பத்து மசோதாக்களுக்கும் ஒப்புதல் கிடைத்ததாகக் கருத வேண்டும் என்று சொன்ன பிறகே சட்டமானது. சட்டத்தின் வழி மெதுவான வழி. ஆனால் அதில் நடப்பதெல்லாம் பகலில் நடக்கும்.

தீர்மானம் வேறு, சட்டம் வேறு என்பதை மராத்வாடா மக்கள் ரத்தம் கொடுத்துத் தெரிந்துகொண்டார்கள். 1978 ஜூலை 27 அன்று மகாராஷ்டிர சட்டமன்றத்தின் இரு அவைகளும் மராத்வாடா பல்கலைக்கழகத்துக்கு அம்பேத்கர் பெயர் வைக்கத் தீர்மானம் போட்டன. உடனே கிராமம் கிராமமாகத் தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டன. நாந்தேட் மாவட்டத்தில் போச்சிராம் காம்ப்ளே கொல்லப்பட்டார். அரசு பின்வாங்கியது. அதன் பிறகு பதினைந்து ஆண்டுக்கு மேல் ஊர்வலம், சிறை, தடியடி. 1993இல் கௌதம் வாக்மரே தீக்குளித்தார். 1994 ஜனவரி 14 அன்று பெயர் வந்தது, அதுவும் 'டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர் மராத்வாடா பல்கலைக்கழகம்' என்று, பழைய பெயரையும் விடாமல். தீர்மானம் போட்டபோதும் பெயர் வந்தபோதும் முதலமைச்சர் ஒரே ஆள், சரத் பவார்.

நம் ஊரிலும் பெயருக்காக அடி விழுந்திருக்கிறது. 1891இல் தொடங்கிய சென்னை சட்டக் கல்லூரிக்கு அம்பேத்கர் நூற்றாண்டையொட்டி 1990இல் அவர் பெயர் வைக்கப்பட்டது. 2008இல் தேவர் ஜெயந்திக்கு ஒட்டிய சுவரொட்டியில் ஒரு பிரிவு மாணவர்கள் 'அம்பேத்கர்' என்ற சொல்லை விட்டுவிட்டு அச்சடித்தார்கள். பதினெட்டு ஆண்டுகள் பலகையில் இருந்த பெயர் அவர்கள் வாயில் வரவில்லை. நவம்பர் 12 அன்று கல்லூரி வாசலில் நடந்ததைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது, போலீஸ் வேடிக்கை பார்த்ததையும் சேர்த்து. அந்த வன்முறையை நாங்கள் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அன்று மாலையே எல்லோரும் கட்டையைப் பற்றிப் பேசினார்கள், சுவரொட்டியைப் பற்றிப் பேச ஆளில்லை. 2018இல் அந்தக் கல்லூரி நகரத்தை விட்டே புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் போய்விட்டது. (பட்டரைப்பெரும்புதூர் திருவள்ளூர்ப் பக்கம், எங்கள் ஸ்ரீபெரும்புதூர் இல்லை. புதிதாகச் சேரும் பிள்ளைகள் குழம்பிப்போய் எங்களிடம் வழி கேட்கிறார்கள்.)

ஆக, அரசிடம் இரண்டு வேகம் இருக்கிறது. பொது இடத்தில் நம் பெயரை வைப்பதென்றால் தயக்கம், கலவரம், வாபஸ். நமக்கென்று ஒதுக்கிய இடத்திலிருந்து நம் பெயரை எடுப்பதென்றால் ஒரே அறிவிப்பு, ஒரே நாள்.

எடுக்க வேண்டாம் என்கிறோமா? இல்லை. அந்தத் தம்பியின் கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது. ஆனால் 'ஆதிதிராவிடர் நல' என்ற சொல் அவமானத்தை மட்டும் சுமக்கவில்லை, கணக்கையும் சுமக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20.01 விழுக்காடு, பழங்குடியினர் 1.10 விழுக்காடு. இந்த விகிதத்தில் நிதி ஒதுக்க வேண்டும் என்பதற்காகத்தான் 2024 ஜூனில் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டம் நிறைவேறியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் இருக்கின்றன. 2023 நிதிநிலை அறிக்கையில் இவற்றைப் பள்ளிக் கல்வித் துறையோடு இணைப்போம் என்று சொன்னபோது தலித் அமைப்புகள் பல எதிர்த்தன. கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளைச் சேர்ந்தவர்களும் எதிர்த்தார்கள். ஒரே பலகையின் கீழ் போய்விட்டால், எந்தப் பள்ளிக்கு எந்தத் தலைப்பில் பணம் வரவேண்டும் என்று கேட்க நமக்குப் பிடி இருக்காது.

நிலமும் இருக்கிறது. எங்கள் பகுதியில் அதுதான் பெரிது. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் இந்த மண்ணின் பறையர் நிலைமை பற்றி எழுதிய குறிப்புகள்தான் 1892இல் பஞ்சமி நிலத்துக்கு வழிவிட்டன. பின்னால் தொழிலாளர் துறை என்ற பெயரில் தொடங்கி, 1949இல் ஹரிஜன நலத் துறையாகி, இன்று ஆதிதிராவிடர் நலத் துறையாக இருக்கும் துறை நமக்காகப் பள்ளிகள் திறந்தது. துறையே இரண்டு முறை பெயர் மாறியிருக்கிறது. சிங்கப்பெருமாள்கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையை ஒட்டி இன்று ஒரு சென்ட் என்ன விலை போகிறது என்று இங்கே வேலை செய்யும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த விலையில், ஆதிதிராவிடர் நலம் என்று எழுதிய பள்ளி வளாகம் வெறும் 'அரசுப் பள்ளி' ஆகி, பிறகு பிள்ளைகள் குறைவு என்று பக்கத்துப் பள்ளியோடு இணைந்தால், காலியாகும் இடம் யாருக்குப் போகும்?

விடுதிக்கு வருவோம். பெயர் மாறிய பிறகும் டீக்கடையில் வழி கேட்டால் "எஸ்சி ஆஸ்டலா, பிசி ஆஸ்டலா?" என்றுதான் திருப்பிக் கேட்கிறார்கள். ஏனென்றால் இரண்டும் இன்னும் இரண்டு துறை, இரண்டு கட்டடம், இரண்டு சேர்க்கைப் பட்டியல். கல்லூரி மாணவருக்கு மாத உணவுப்படி 1,500 ரூபாய். நாளைக்கு மூன்று வேளைக்கும் சேர்த்து 50 ரூபாய். கம்பெனி கேன்டீனில் சாப்பிட்டுவிட்டு வரும் அண்ணன், விடுதியில் படிக்கும் தங்கையிடம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்கக் கூச்சப்படுகிறான்.

எங்கள் வட்டத்தில் இதில் இன்னும் ஒருமித்த கருத்து வரவில்லை. பலகை இன்றே போகட்டும், மற்றதைப் பிறகு பார்ப்போம் என்கிறார்கள் வேலைக்கு அலையும் பிள்ளைகள். நிலமும் நிதியும் சட்டத்தில் எழுதப்படும்வரை பலகையைத் தொடாதே என்கிறார்கள் மூத்தவர்கள். இரண்டையும் ஒரே மசோதாவில் கேட்கலாம் என்பது எங்களில் சிலருடைய நிலை. பள்ளி வாரியாக அட்டவணை, ஒவ்வொன்றுக்கும் சர்வே எண், மாற்ற முடியாத நிதித் தலைப்பு, பிறகு புதுப் பெயர். புதுப் பெயர் ஏன் வெறும் 'அரசுப் பள்ளி'யாக இருக்க வேண்டும்? எம்.சி.ராஜா பெயரில், ரெட்டைமலை சீனிவாசன் பெயரில், மீனாம்பாள் சிவராஜ் பெயரில் ஏன் இருக்கக்கூடாது? அந்தப் பெயரைச் சான்றிதழில் படித்தால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு உடனே சாதி தெரிந்துவிடும் என்று ஒரு தங்கை சொன்னாள். தெரியட்டும், அது சட்டமன்றத்தில் பேசியவரின் பெயர் என்று நான் சொல்லிக்கொள்வேன் என்றான் இன்னொருவன். அன்று வாதம் இரவு ஷிப்ட் பஸ் வரும்வரை போயிற்று.

இப்போதைக்குச் செய்திருப்பது இது. நாங்கள் வேலை செய்யும் ஊர்களில் உள்ள ஒவ்வொரு ஆதிதிராவிடர் நலப் பள்ளிக்கும் விடுதிக்கும் தகவல் உரிமைச் சட்டத்தில் தனித்தனி மனு எழுதியிருக்கிறோம். நிலம் எந்தச் சர்வே எண்ணில், எந்தத் துறையின் பெயரில் இருக்கிறது, எத்தனை சென்ட், கடந்த ஐந்து ஆண்டில் எந்தத் தலைப்பிலிருந்து எவ்வளவு பணம் வந்தது, பெயர் மாற்றத்துக்கான ஆணையின் எண்ணும் நகலும். மனுக்களை எழுதியவர்கள் அந்தந்தப் பள்ளியில் படித்தவர்கள். விண்ணப்பத்தில் பள்ளியின் பெயரைச் சுருக்காமல் முழுதாக எழுதச் சொன்னோம். சுருக்கினால் தகவல் அதிகாரி அந்தப் பெயரில் பள்ளியே இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்.